ஆறாவது நிமிடத்தில் ஒரு கதவு

ஜாஸ் ரசிகர் பேரவையிலிருந்து வந்த பதிவுத் தபாலில் ‘பொருள்’ என்ற இடத்தில் ‘தங்கள் காதுகள் தொடர்பாக’ என்று அச்சிட்டிருந்தது. காது மெஷின் விற்பவர்களின் விளம்பரமாக இருக்கும் என்று லிஃப்ட் மெக்கானிக் அதை மேஜைமேல் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். அவர் மனைவிதான் பிரித்துப் படித்தாள். அவளுக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. பொடி எழுத்தில் எது இருந்தாலும் கடைசி வரி வரை போகாமல் விடமாட்டாள்.

குளியலறைக் கதவைத் தட்டி, “என்னங்க, உங்கள விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க” என்றாள்.

“எந்தக் கட்டடம்?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் பார்ப்பவருக்கு விசாரணை என்றால் வேறு எதுவும் தோன்றாது.

“கட்டடம் இல்ல. பாட்டு.”

விஷயம் எட்டு மாதம் முன்னால் தொடங்கியது. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் பழுதாகி, உதிரிபாகம் வருவதற்காக மெக்கானிக் மூன்று நாள் மூன்றாவது மாடியில் காத்துக் கிடந்தார். அங்கே ஒரு பல் டாக்டர் வீட்டில் தினமும் ஒரே இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பியானோ, ஒரு பெரிய கம்பி வாத்தியம், டிரம். முதல் நாள் கேட்டும் கேட்காமலும் இருந்தார். இரண்டாவது நாள் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். மூன்றாவது நாள் மணியை அழுத்தி, அது என்ன பாட்டு என்று கேட்டார். டாக்டர் மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்: ‘வடக்கு ஜன்னல்’, ஜாஸ், நாற்பத்திரண்டு வருடம் பழையது.

அன்று மாலையே ஆன்லைன் கடையில் தேடி வாங்கிவிட்டார். தட்டு வந்து சேர்ந்த பிறகு மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதை ஓட்டுவதற்கு ஒரு மெஷின் வேண்டுமே என்று கேட்டாள். அதை அவர் யோசித்திருக்கவில்லை. அவளே நான்கு நாள் தேடி, யாரோ பயன்படுத்திய ஒரு பிளேயரை வரவழைத்தாள். ஒரு கால் உடைந்து வந்தது. மெக்கானிக் அதற்கு ஒரு ரப்பர் கட்டையை வெட்டி ஒட்டினார். அதற்குப் பிறகு வேலை முடிந்து வந்ததும் இருவரும் காபியோடு உட்கார்ந்து கேட்பது வழக்கமாகிவிட்டது. ஜாஸ் என்றால் என்ன என்று இருவருக்கும் தெரியாது. மூன்று பேர் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டாமல் பேசிக்கொள்வது போல இருக்கிறது என்று அவள் சொன்னாள். அவர்கள் வீட்டில் அப்படி ஒன்று அதற்கு முன் நடந்ததில்லை.

ஏதோ ஒரு ஹோட்டல் கூடத்தில், மழை நாளில், ஆட்கள் முன்னால் வாசித்ததைப் பதிவு செய்த தட்டு அது. இரண்டாவது பாட்டு அவளுக்கு ரொம்பப் பிடித்தது. ஆறு நிமிடம் ஆனதும் மூன்று பேரும் சட்டென்று நிறுத்துவார்கள். அந்த அமைதியில் ஒரே ஒரு சத்தம் கேட்கும். அப்புறம் டிரம்காரர் தொட்டும் தொடாமலும் ஆரம்பிக்க, மற்ற இருவரும் வந்து சேர்ந்துகொள்வார்கள்.

வாங்கிய பொருளைப் பற்றிக் கருத்துச் சொல்லுங்கள் என்று ஆன்லைன் கடை வாரா வாரம் நச்சரித்தது. படிவம் என்று ஒன்று வந்தால் அதை நிரப்பாமல் மெக்கானிக்கால் தூங்க முடியாது. ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு இப்படி எழுதினார்:

‘நல்லா இருக்கு. பேக்கிங் நல்லா இருந்தது. இரண்டாவது பாட்டில் 6 நிமிடம் 12 விநாடியில் பக்கத்தில் லிஃப்ட் கதவு சாத்தும் சத்தம் கேட்கிறது. இழுத்துச் சாத்தும் கம்பிக் கதவு. கீழ் ரோலர் தேய்ந்திருக்கிறது. மற்றபடி குறை ஒன்றும் இல்லை.’

இந்தக் கருத்து தங்களுக்குப் பயனுள்ளதாக இருந்தது என்று பதினேழு பேர் பதிவு செய்திருந்தார்கள். பதினெட்டாவதாகப் படித்தவர் ஜாஸ் ரசிகர் பேரவையின் செயலாளர்.

அந்தப் பன்னிரண்டாவது விநாடிதான் பேரவையின் அஸ்திவாரம் என்பது மெக்கானிக்குக்கு எப்படித் தெரியும்? அந்தச் சத்தத்துக்குப் பேரவை ‘மௌனத் தட்டு’ என்று பெயர் வைத்திருந்தது. டிரம் கலைஞர் தம் இடது மணிக்கட்டால், உலகத்தில் வேறு யாராலும் முடியாத ஒரு கோணத்தில், மௌனத்தையே ஒரு முறை தட்டினார் என்பது கொள்கை. தலைவர் அதைப் பற்றி முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு நூல் எழுதியிருந்தார். ஆண்டுக் கூட்டத்தில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்ல, சரியாக ஆறு நிமிடம் பன்னிரண்டு விநாடியில் எல்லோரும் தலை குனிவார்கள். அப்போது தட்டு ஓடாது. தட்டு ஓடினால் தியானம் கலைந்துவிடும்.

விசாரணைக்கு மெக்கானிக் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். பேரவையின் அலுவலகம் நான்காவது மாடியில் இருந்தது. லிஃப்ட்டில் ‘இன்று இயங்காது’ என்று பலகை தொங்கியது. பழக்க தோஷத்தில் என்ன பழுது என்று காவலாளியிடம் விசாரித்தார். பழுதெல்லாம் ஒன்றுமில்லை, பேரவை கூடும் நாளில் லிஃப்ட்டை நிறுத்திவிட வேண்டும், அதன் சத்தம் அவர்களுடைய செவிகளுக்கு ஆகாது என்றார் காவலாளி. முட்டி தேய்ந்த உறுப்பினர்கள் நாலைந்து பேர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மாடிக்கு மாடி நின்று, மேலே போய்க்கொண்டிருந்தார்கள். லிஃப்ட் சத்தம் எப்படியிருக்கும் என்று அவர்கள் கேட்டுப் பல வருடம் ஆகியிருக்கும் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

உள்ளே நாற்காலிகள் தகுதிப்படி போடப்பட்டிருந்தன. கடைசி வரிசை தொடக்கச் செவியருக்கு. அதற்கு முன்னால் செவியர், அதற்கும் முன்னால் பெருஞ்செவியர். மேடையில் மூன்று நாற்காலிகள் மட்டும். அவற்றின் முதுகில் ‘கேட்டு முடித்தவர்’ என்று எழுதியிருந்தது. நடு நாற்காலியில் தலைவர் இருந்தார். வெள்ளைத் தாடியை ஒழுங்காக வெட்டிவிட்ட, தன் குரலைத் தானே ரசித்துப் பேசும் மனிதர். பக்கத்தில் செயலாளர். அவருக்கு ‘முதல் பதிப்பு’ என்று பட்டப்பெயர். எந்தத் தட்டானாலும் முதல் முறை அச்சானதைத்தான் வாங்குவார், வாங்கியதைப் பிரிக்க மாட்டார். மூன்றாவது நாற்காலிக்காரர் கேட்டு முடித்ததோடு தூங்கியும் போயிருந்தார்.

“தம்பி, எத்தனை வருஷமா கேக்கறீங்க?” என்று தலைவர் ஆரம்பித்தார்.

“எட்டு மாசமா சார்.”

“நான் நாப்பது வருஷமா. அதுல கடைசி பதினோரு வருஷமா கேக்கறதே இல்ல. கேட்டு முடிச்சாச்சு. உங்களுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். உங்களுக்கு இன்னும் சத்தம் கேக்குது.”

கூடத்தில் இருந்தவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

ஒருவேளை தன்மேல்தான் தப்போ என்று மெக்கானிக்குக்கே சந்தேகம் வந்தது. தட்டைப் போட்டு எல்லோரும் ஒரு முறை கேட்டுப் பார்த்துவிடலாமே என்று பணிவாகச் சொன்னார். அது நியாயமாகத்தான் பட்டது. தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளரிடம் ‘வடக்கு ஜன்னல்’ நான்கு பிரதி இருந்தது. ஒன்று பிரிக்காமல் வைத்திருப்பதற்கு. இன்னொன்று, முதல் பிரதி தவறிப் பிரிந்துவிட்டால் பிரிக்காமல் வைத்திருப்பதற்கு. மற்ற இரண்டைப் பற்றி அவர் சொல்லவில்லை. உறுப்பினர்களில் முப்பத்தெட்டு பேரிடம் அந்தத் தட்டு இருந்தது. முப்பத்தெட்டும் உறை பிரியாதவை. பெருஞ்செவியர் ஒருவர் மட்டும் ஒரு முறை பிரிக்க நினைத்ததுண்டு என்று ஒப்புக்கொண்டு தலைகவிழ்ந்தார்.

மெக்கானிக் தன் பையைத் திறந்து தன்னுடைய தட்டை எடுத்து வைத்தார்.

“இத எதால பிரிச்சீங்க?” என்று செயலாளர் மெல்லக் கேட்டார்.

“சாவியால.”

செயலாளருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

விசாரணையைத் தொடர்வதில் ஒரு சட்டச் சிக்கல் எழுந்தது. உறுப்பினர் அல்லாதவர் தவறாகக் கேட்பது பேரவையின் விதிகளுக்கு உட்பட்டதல்ல. அதனால் அவரைத் தண்டிப்பதற்கு முதலில் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘எந்த ஆண்டு முதல் தங்களுக்கு ரசனை உள்ளது?’ என்ற கேள்விக்கு வேலையில் சேர்ந்த தேதியை எழுதினார். ‘தங்களுக்குப் பிடிக்காத கலைஞர்கள் (குறைந்தது பத்துப் பேர்)’ என்ற இடத்தில் ‘யாரும் இல்லை’ என்று எழுதினார். இதைப் பார்த்த செயலாளர், பத்துப் பேரையாவது பிடிக்காமல் எப்படி ரசிகராக முடியும் என்று வருத்தப்பட்டு, தன் சொந்தப் பட்டியலிலிருந்து பத்துப் பெயர்களை இரவலாகக் கொடுத்தார். தற்காலிகத் தொடக்கச் செவியர் என்ற தகுதி கிடைத்தது.

படிவத்தை நீட்டும்போதுதான் மெக்கானிக் சுவரொட்டியைப் பார்த்தார். ‘வடக்கு ஜன்னல்’ தட்டில் வாசித்த மூவரில் இப்போது மிச்சம் இருப்பவர் டிரம் கலைஞர் மட்டும். எண்பத்தோரு வயது. அவர் அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, நகர மன்றத்தின் மூன்றாவது மாடிக் கூடத்தில் வாசிக்க வருகிறார். ஏற்பாடு பேரவை. உறுப்பினர்களுக்கு மட்டும், ஆளுக்கு இரண்டு டிக்கெட்.

விசாரணை, செவியர், பெருஞ்செவியர் எல்லாம் மெக்கானிக்குக்கு மறந்துபோயிற்று. “இவர் வராரா சார்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த ஆசையைத் தலைவர் கவனித்துக்கொண்டார்.

விசாரணையில் இருப்பவருக்கு டிக்கெட் கிடையாது, ஆனால் வழி இருக்கிறது என்றார் தலைவர். ஆன்லைன் கடையில் எழுதியதை நீக்கிவிட்டு, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும், இரண்டு டிக்கெட்டும் அன்றே கிடைக்கும். தாளில் இருந்தது இவ்வளவுதான்: ‘நான் கேட்டது எதுவாயினும், அது நான் கேட்டதாக நினைத்ததேயன்றி, நான் கேட்டதன்று.’

யோசித்துச் சொல்வதாக மெக்கானிக் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவிக்கு அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை. “நமக்கு எதுக்குங்க ஊர் வம்பு? அவங்க அத என்ன பேரு வேணா சொல்லிக்கட்டும். கையெழுத்தப் போட்டுட்டு டிக்கெட்ட வாங்கிட்டு வாங்க. அந்த மனுஷன் வாசிக்கறத நேர்ல பாத்துட்டா போதும் எனக்கு” என்றாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவள் வேண்டும் என்று கேட்டவை ரொம்பக் குறைவு. அவர் சரி என்றார்.

மறுநாள் போய், செயலாளர் மேஜையில் உட்கார்ந்து, பேனாவையும் திறந்தார். திறந்த பேனா அப்படியே நின்றது. தினமும் எத்தனையோ தாளில் கையெழுத்துப் போடுகிற கை அது. செயலாளர் இரண்டு டிக்கெட்டுகளையும் மேஜைமேல் விசிறி போல விரித்து வைத்தார்.

“மன்னிச்சுக்கங்க சார்” என்றார். “எங்க வேலையில, பழுது இருக்குன்னு தெரிஞ்சு இல்லன்னு கையெழுத்துப் போட்டா ஆள் செத்துருவாங்க. கை வர மாட்டேங்குது.”

“இது பாட்டுங்க. இதுல யாரு சாகப் போறாங்க?”

“தெரியல சார். ஆனா அந்த ரோலர் தேஞ்சுதான் இருக்கு.”

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். அன்று தட்டுப் போடவில்லை. காபி ஆறிப்போயிற்று.

அந்த வாரமே பேரவை அவருடைய கம்பெனிக்கு எழுதியது. ‘தங்கள் ஊழியர் பணி நேரம் முடிந்த பின்னரும் லிஃப்ட் சத்தம் கேட்கிறார்’ என்று புகார். மேலாளர் அவரைக் கூப்பிட்டு, கடிதத்தை இரண்டு முறை படித்துக் காட்டி, இதற்கு என்ன தண்டனை என்று சேவை விதிகளில் எதுவும் இல்லை என்றார். ஆனாலும் அந்தத் தலைவருக்குப் பத்துக் கட்டடங்களில் செல்வாக்கு உண்டு. “நீ கேட்டுக்கய்யா. யாரு வேணாங்கறா? எதுக்கு எழுதற? இன்னொரு கடுதாசி வந்தா உன்ன கிடங்குக்கு மாத்திருவேன், அங்க ஒரு சத்தமும் கேக்காது” என்று சொல்லி அனுப்பினார்.

இதை மெக்கானிக் வீட்டில் சொன்னபோது மனைவிக்குக் கோபம் வந்தது. முதலில் அவர்மேல்தான் வந்தது. ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் இவ்வளவு வந்திருக்குமா என்று பொரிந்து தள்ளினாள். அப்புறம் தட்டை எடுத்துப் போட்டு, இரண்டாவது பாட்டை மூன்று முறை தனியாகக் கேட்டாள். கேட்டுவிட்டுப் போனை எடுத்து, ஆன்லைன் கடையில் கணவர் எழுதியதற்குக் கீழே தானும் எழுதினாள்: ‘மேலே சொன்னது சரி. நானும் கேட்டேன். கதவு சாத்தியதும் யாரோ ஒருவர் செருமுகிறார். பிளேயரும் வாங்கியது நான்தான்.’ அது நாற்பத்தோரு பேருக்குப் பயனுள்ளதாக இருந்தது. பேரவை அன்றிரவே அவசரக் கூட்டம் போட்டு, செருமலை மட்டும் ஏற்றுக்கொள்ளலாமா என்று விவாதித்தது.

கச்சேரி நாள் வந்தது. வீட்டில் இருந்தால் அதே ஞாபகமாக இருக்கும் என்று, ஜன்னல் திரைத் துணி வாங்கும் சாக்கில் இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். பாதி வழியில் கம்பெனியிலிருந்து போன். நகர மன்றத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது, இரண்டு பேர் உள்ளே, ஞாயிற்றுக்கிழமை முறை உன்னுடையது, உடனே போ என்றார்கள். அவர் வண்டியைத் திருப்பினார். இறங்கிக்கொள்கிறாயா என்று மனைவியைக் கேட்கவில்லை. அவளும் இறங்குவதாக இல்லை.

அங்கே நடந்திருந்தது இது. கச்சேரிக்கு அரை மணி முன்னாலிருந்து லிஃப்ட்டை நிறுத்திவிட வேண்டும் என்று தலைவர் காவலாளிக்கு உத்தரவு போட்டிருந்தார். யார் சொன்னாலும் மறுபடி போடக் கூடாது, நானே சொன்னாலும் போடக் கூடாது என்றும் அழுத்திச் சொல்லியிருந்தார். பத்தரை மணிக்குக் காவலாளி கடிகாரத்தைப் பார்த்து ஸ்விட்ச்சை இறக்கினார். அந்த நேரத்தில் தலைவர், வயதான டிரம் கலைஞரைத் தானே கைப்பிடித்து லிஃப்ட்டில் மேலே அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றது.

“உள்ள இருந்து போடு போடுன்னு தட்றாருங்க” என்றார் காவலாளி. “ஆனா அவரு சொன்னாலும் போடக் கூடாதுன்னு அவருதான சொன்னாரு. நான் எதக் கேக்கறது?”

செயலாளர் மாடிப்படியில் உட்கார்ந்து விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். தலைவரின் உத்தரவைத் தலைவர் ரத்து செய்யச் செயற்குழுவில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பது வரை கண்டுபிடித்திருந்தார். செயற்குழு மொத்தம் மூன்று பேர். ஒருவர் லிஃப்ட்டில் இருந்தார், ஒருவர் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆள் உள்ளே இருக்கும்போது மின்சாரத்தைத் திரும்பப் போட்டு விளையாடக் கூடாது என்பது மெக்கானிக்கின் விதி. மொட்டை மாடி அறைக்கு ஏறி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி, லிஃப்ட்டை அங்குலம் அங்குலமாக இரண்டாவது மாடிக்கு இறக்கினார். பிறகு ஓடி வந்து சாவி போட்டுக் கதவை விலக்கினார். மணி பதினொன்று இருபது.

தலைவர் நின்றுகொண்டு பேசிக்கொண்டிருந்தார். கதவு திறந்ததை அவர் உடனே கவனிக்கவில்லை. டிரம் கலைஞர் தன் வாத்தியப் பெட்டிமேல் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார். குட்டையான, ஒல்லியான மனிதர். காது இரண்டும் பெரிது. கண்ணைத் திறந்து மெக்கானிக்கைப் பார்த்தார்.

“நல்ல நேரத்துக்கு வந்தீங்க தம்பி. ஐயா இருநூறாவது பக்கம் வந்துட்டாரு.”

மெக்கானிக் அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். ஒரு மாதமாக என்னவெல்லாமோ கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தார், படி பாத்து வாங்க என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. மனைவிதான் முன்னால் வந்தாள்.

“ஐயா, ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா? ‘வடக்கு ஜன்னல்’ல ரெண்டாவது பாட்டுல, எல்லாரும் நிறுத்தறீங்களே. அப்ப ஒரு சத்தம் வருது.”

அவர் சிரித்தார். “லிஃப்ட்டும்மா. என்னா பாடு படுத்துச்சு அது.”

பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார். அந்த ஹோட்டலில் மேடைக்கு ஒட்டினாற்போல லிஃப்ட். சாப்பாட்டு நேரத்தில் மாடியில் தங்கியிருந்தவர்கள் கூட்டம் கூட்டமாக இறங்கி வருவார்கள். ஒவ்வொரு முறையும் கம்பிக் கதவு அலறும். எண்ணெய் போடச் சொல்லி நிர்வாகத்திடம் மூன்று நாள் கெஞ்சியும் நடக்கவில்லை. கடைசியில் மூவரும் பேசி வைத்துக்கொண்டார்கள்: லிஃப்ட் வருகிற சத்தம் கேட்டால் நிறுத்துவது, கதவு சாத்தியதும் ஆரம்பிப்பது. “அந்த இடம் எவ்ளோ அழகுன்னு எல்லாரும் சொல்றாங்க. நாங்க நிறுத்தினது இல்லம்மா அது. நாலாவது மாடிக்காரங்களுக்குப் பசி, அவ்ளோதான்.”

செருமியது யார் என்று அவள் கேட்டாள். பியானோக்காரர், அவருக்கு எப்போதும் சளி என்றார்.

இதையெல்லாம் தலைவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பதினோரு வருடப் பயிற்சி. பெரிய கலைஞர்கள் இப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டு மேடைக்குப் போனார்.

மெக்கானிக்கும் மனைவியும் கூடத்தின் வாசலில் தடுக்கப்பட்டார்கள். டிக்கெட் இல்லை. இவர்கள் என் ஆட்கள் என்றார் டிரம் கலைஞர். கலைஞரோடு வாத்தியம் தூக்குபவர்கள் மட்டுமே வரலாம் என்றார் செயலாளர். கலைஞர் பெட்டியிலிருந்து வட்டத் தகட்டை எடுத்து மெக்கானிக் கையிலும், கம்பித் துடைப்பம் போன்ற இரண்டு தட்டுக்குச்சிகளை அவர் மனைவி கையிலும் கொடுத்தார். இருவரும் மேடை ஓரத்தில், திரைக்குப் பக்கத்தில், வாத்தியப் பெட்டிமேல் போய் உட்கார்ந்தார்கள்.

தலைவர் வரவேற்புரை ஆற்றினார். “இன்னைக்கு ஒரு முக்கியமான கேள்வி எழுந்திருக்கு. ஒரு கலைஞர் தன் படைப்பைப் பத்தித் தானே ஏதாவது சொன்னா அத நாம நம்பணுமா? நம்பிட்டா அப்புறம் பேரவை எதுக்கு? வாசிக்கறது அவர் வேலை. அவர் என்ன வாசிச்சாருன்னு சொல்றது நம்ம வேலை. இதுல ஒருத்தர் வேலைய இன்னொருத்தர் செய்யக் கூடாது.” கைதட்டல் வெகுநேரம் நீடித்தது. டிரம் கலைஞரும் தட்டினார்.

பிறகு வாசிப்பு தொடங்கியது. கூட இரண்டு இளம் கலைஞர்கள் வந்திருந்தார்கள். மெக்கானிக் பத்தடி தூரத்தில் இருந்தார். தட்டில் கேட்டபோது ஒரே சத்தமாக இருந்தது, இங்கே ஒரு கை, ஒரு மணிக்கட்டு, ஐந்து விரல்கள் என்று பிரிந்து தெரிந்தது. வயதான கை நடுங்கியது. அந்த நடுக்கத்தையும் அவர் வீணாக்கவில்லை, அதையும் தாளத்துக்குள் கொண்டுவந்தார். அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தாமல் விட்டார், விட்ட இடத்தில் கேட்பவர் நெஞ்சே போய் ஒரு முறை அடித்துவிட்டு வந்தது. மெக்கானிக் தன்னை மறந்து வாய் திறந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்திருக்கிறோம் என்று அவளுக்கும் தெரியாது, பிடிபட்டிருக்கிறோம் என்று இவருக்கும் தெரியாது.

இரண்டாவதாக அந்தப் பாட்டு வந்தது. கூடத்தில் ஒருவர் எழுந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு நிமிடம் பன்னிரண்டு விநாடி. கையை உயர்த்தினார். நானூறு பேர் தலை குனிந்து கண்ணை மூடி மௌனத்துக்குள் போனார்கள்.

டிரம் கலைஞர் நிறுத்தவில்லை. லிஃப்ட்தான் ஓடவில்லையே, எதற்கு நிறுத்துவது? நாற்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த இடத்தில் வாசிக்க நினைத்து, வாசிக்க விடாமல் போனதை அப்போதுதான் வாசித்தார். இரண்டு நிமிடம் அந்தச் சின்ன உருவத்திலிருந்து மழை கொட்டுவது போலக் கொட்டியது. இளம் பியானோக்காரர் தன் கையை எடுத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்டவர்கள் மேடையில் இருந்த இருவர், வாசல் காவலாளி, மெக்கானிக், அவர் மனைவி. தலை குனிந்திருந்தவர்கள் தியானம் முடிந்து நிமிர்ந்தபோது பாட்டும் முடிந்திருந்தது. மௌனத் தட்டு இன்று அபாரம் என்று முதல் வரிசையில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார்.

கலைஞர் ஊருக்குத் திரும்பிப் போய் ஒரு வானொலிப் பேட்டியில் லிஃப்ட் கதையை அப்படியே சொல்லிவிட்டார். பேரவை தடுமாறும் என்று மெக்கானிக் நினைத்தார். மேலாளர்கூட அவரைக் கூப்பிட்டு, நீ சொன்னதுதான்யா சரி என்று டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் பேரவை இரண்டே வாரத்தில் தலைவரின் நூலைத் திருத்திய இரண்டாம் பதிப்பாக வெளியிட்டது. இப்போது நானூற்று எண்பது பக்கம். அந்த மூவரோடு சேர்ந்து வாசித்த நான்காவது மேதை ஒருவர் இருந்தார், அவர்தான் பெயர் தெரியாத அந்த லிஃப்ட் இயக்குநர் என்று தலைவர் நிறுவியிருந்தார். முன்னுரையில், இந்த உண்மையைத் தாம் நாற்பது வருடமாகவே உணர்ந்திருந்ததாகவும், கேட்பவர்கள் பக்குவப்படட்டும் என்று காத்திருந்ததாகவும் எழுதியிருந்தார். செயலாளர் அதில் ஆறு பிரதி வாங்கினார். பிரிக்கவில்லை.

உறுப்பினர் தேர்வில் ‘லிஃப்ட் அழகியல்’ என்று புதிய தாள் சேர்க்கப்பட்டது. தற்காலிக உறுப்பினர்கள் அதை எழுதித் தேறினால்தான் தகுதி நீடிக்கும். அந்தக் கலைஞர் அடுத்த வருடமும் வருவார் என்று பேச்சு இருந்ததால் மெக்கானிக் எழுதினார். துணைக்கு மனைவியும் விண்ணப்பித்து எழுதினாள்.

‘மூடிய கதவு எதைக் குறிக்கிறது?’ என்ற கேள்விக்கு, இனி லிஃப்ட் நகரலாம் என்பதைக் குறிக்கிறது என்று அவர் எழுதினார். தவறு. ‘தேய்ந்த ரோலரின் துயரத்தை விளக்குக’ என்பதற்கு, மாற்ற வேண்டிய கால அளவையும் எண்ணெயின் வகையையும் எழுதினார். தவறு. நூற்றுக்கு முப்பத்தொன்று. லிஃப்ட் பற்றிய அடிப்படைப் புரிதல் போதவில்லை, அடுத்த வருடம் முயலலாம் என்று குறிப்பு வந்தது.

மனைவி எல்லாக் கேள்விக்கும் ‘சொல்லில் அடங்காதது’ என்று எழுதிவிட்டு அரை மணியில் வெளியே வந்திருந்தாள். எண்பத்தெட்டு. தொடக்க நிலையைத் தாண்டி நேராகச் செவியர்.

மெக்கானிக் முடிவுத் தாளை நாலு முறை படித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவள் விதிப் புத்தகத்தை எடுத்து, பொடி எழுத்தில் இருந்த பின்னிணைப்பு வரை படித்தாள். உறுப்பினரின் கணவர் அல்லது மனைவிக்குத் தேர்வு கிடையாது, தகுதியும் தேவையில்லை, கச்சேரிக்கு வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகலாம் என்று அதில் போட்டிருந்தது.